செட்டிநாட்டு ஊரில் ஒரு சிறு காட்சியகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டைப் பிரிக்கும்போது முதலில் தேக்குத் தூணும் கதவும் போகும். அடுத்து அண்டா, தூக்கு, மங்குச் சாமான் (பீங்கான்) எல்லாம் பழம்பொருள் கடைக்குப் போகும். பேரேடும் கடிதக் கட்டும் கடைசியில் எடைக்குப் போகும். சாமானையாவது பிறகு கடையில் விலை கொடுத்து வாங்கிவிடலாம். அது யார் வீட்டில், வீட்டின் எந்தப் பகுதியில், எதற்காக இருந்தது என்ற செய்தி எந்தக் கடையிலும் கிடைக்காது. ஊரில் சிறு காட்சியகம் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களும் நூலகர்களும் இளைஞர் குழுக்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

அரசு அருங்காட்சியகம் இருக்கும்போது ஊருக்குத் தனியாக ஒன்று எதற்கு?

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1910இல் தொடங்கியது. சிவகங்கையிலும் ஒன்று இருக்கிறது. கல்வெட்டு, செப்புத் திருமேனி, நாணயம் என்று ஒரு மாவட்டம் முழுவதற்கும் பொதுவானவற்றைத்தான் அவை பார்த்துக்கொள்ளும். உங்கள் ஊர் ரைஸ்மில்லின் சம்பளப் புத்தகத்தையும், 1950களில் திருவிழா நாடகத்துக்கு அடித்த நோட்டீசையும் அவர்கள் தேடி வரப்போவதில்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அந்தக் கவனமும் வீடுகளின் மேல்தான் விழுந்ததே தவிர வீட்டுக்குள் இருந்தவற்றின் மேல் விழவில்லை.

தனியொருவர் சேர்த்தது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கோட்டையூரே சாட்சி. அங்கே ரோஜா முத்தையா சேர்த்த நூல்களையும் இதழ்களையும், 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதைக் கொண்டுதான் தொடங்கப்பட்டது. அதில் சினிமாப் பாட்டுப் புத்தகமும் துண்டு நோட்டீசும்கூட உண்டு. ஒரு காலத்தில் அவற்றைக் குப்பை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

எதை வாங்கிக்கொள்ளலாம், எதை வேண்டாம் என்று சொல்லலாம்?

தொடங்கும் முன்பே அரைப் பக்கத்தில் ஒரு வரையறை எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். "இந்த ஊரிலும் சுற்றி 10 கிலோமீட்டருக்குள்ளும் செய்த, பயன்படுத்திய, இங்கிருந்து வெளிநாடு போன, அங்கிருந்து இங்கே வந்த பொருள்கள்" என்கிற அளவுக்கு இருந்தால் போதும். இது இல்லாவிட்டால் முதல் ஆண்டிலேயே நாற்பது குத்துவிளக்கும் முப்பது கிராமபோனும் சேர்ந்துவிடும். அவற்றில் எது எந்த வீட்டுடையது என்பது யாருக்கும் தெரியாமல் போகும்.

ஒரே மாதிரி இரண்டு பொருள் வந்தால் எது பளபளப்பாக இருக்கிறது என்று பார்க்க வேண்டாம். எதைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறதோ அதை எடுங்கள். அடி ஒட்டுப்போட்ட தவலையாக இருந்தாலும், "கல்யாண வீட்டில் இதில்தான் பால் காய்ச்சுவோம், ஒட்டுப் போட்டது இன்ன தெரு ஆசாரி" என்று சொல்ல ஒரு ஆச்சி இருந்தால் அந்தத் தவலைதான் வேண்டும்.

ஒருவர் சாமானைக் கொண்டுவந்து கொடுக்கிறார். முதலில் என்ன செய்வது?

துடைக்காதீர்கள். இந்தத் தவறுதான் எல்லா ஊரிலும் நடக்கிறது. வந்த நிலையிலேயே ஆறு படம் எடுங்கள்: நான்கு பக்கம், மேல், அடி. பக்கத்தில் ஒரு அடிக்கோல் இருக்கட்டும். பெட்டிக்குள் கிடக்கும் துண்டுக் காகிதம், பொட்டலம் கட்டிய பழைய செய்தித்தாள், விளக்கின் அடியில் இறுகிய எண்ணெய்ப் பிசுக்கு எல்லாமே தகவல்தான்.

பிறகு கொடுத்தவரை உட்கார வைத்து, பொருளை அவர் கையிலேயே கொடுத்துப் பேச விடுங்கள். செல்போன் ஒலிப்பதிவு போதும். ஃபிளைட் மோடில் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, போனை அவர் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். பதிவு செய்வதற்கு அவர் சம்மதத்தையும் அதிலேயே முதலில் வாங்கிவிடுங்கள். "இதன் வரலாறு என்ன?" என்று கேட்டால் யாருக்கும் பேச வராது. "இதை எங்கே வைத்திருப்பீர்கள்? யார் கழுவுவார்கள்? கடைசியாக எப்போது அடுப்பில் ஏறியது? வெளியே இரவல் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். வீட்டின் இடத்தை அவர்கள் சொல்லும் பெயரிலேயே எழுதுங்கள். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று சொன்னால் அப்படியே இருக்கட்டும், அதை "ஹால்" ஆக்கிவிட வேண்டாம்.

பதிவேட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

கெட்டி அட்டை போட்டுத் தைத்த கணக்கு நோட்டு ஒன்று வாங்கிப் பக்க எண் போடுங்கள். தாளைக் கழற்றி மாட்டும் ஃபைல் வேண்டாம், ஒரு தாள் காணாமல் போனால் தெரியாது. எண், வந்த தேதி, பொருளின் பெயர் (ஊரில் வழங்கும் பெயர் முதலில்), என்ன பொருளால் ஆனது, அளவு, இருக்கும் நிலை, கொடுத்தவர், எந்த வகையில் வந்தது (நன்கொடை, விலை, இரவல்), எந்த அலமாரி எந்தத் தட்டு, ஒலிப்பதிவின் கோப்புப் பெயர். இவ்வளவு போதும். தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமிடுங்கள். வெள்ளை மை பூசக் கூடாது.

எண்ணை மூன்று பகுதியாகப் போடுவது வழக்கம்: 2025.14.3 என்றால் 2025ஆம் ஆண்டு, பதினான்காவது கொடையாளர், அவர் கொடுத்ததில் மூன்றாவது பொருள். மூடி தனியாக வரும் தூக்குக்கு 2025.14.3அ, 2025.14.3ஆ. ஒரு முறை கொடுத்த எண்ணை, அந்தப் பொருள் உடைந்து போனாலும், வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள்.

இதையே கணினியிலும் ஏற்றுங்கள். நோட்டின் படங்களும் கோப்புகளும் மூன்று பிரதி இருக்கட்டும், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறுப்பினர் வீட்டில் இருக்கட்டும்.

பொருளின் மேல் எண்ணை எப்படி எழுதுவது? ஸ்டிக்கர் ஒட்டலாமா?

கூடாது. ஸ்டிக்கர் இரண்டு கோடையில் உதிர்ந்துவிடும், பசை மட்டும் கறையாக நிற்கும். பெர்மனன்ட் மார்க்கர் மரத்திலும் மங்கிலும் ஊறி இறங்கும். நகப் பாலிஷ் மஞ்சளாகிப் பொருக்காக உரியும்.

உலகெங்கும் பயன்படுவது பாரலாய்டு பி-72 என்ற பிசின். 10 கிராம் துகளை மெல்லிய துணியில் முடிந்து, 50 மில்லி அசிட்டோன் உள்ள கண்ணாடிப் புட்டியில் தொங்கவிட்டால் ஒரு ராத்திரியில் கரைந்துவிடும். துகளை நேராகக் கொட்டினால் அடியில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் புட்டி வேண்டாம், சில வகைகளை அசிட்டோன் கரைத்துவிடும். அடுப்பும் விளக்கும் எரியும் இடத்தில் இந்த வேலை கூடாது. பொருளின் அடியிலோ பின்புறத்திலோ கட்டைவிரல் நகத்தளவு ஒரு பூச்சு. 20 நிமிடம் காய்ந்தபின் நிறமி மைப் பேனாவால் எண். அது காய்ந்தபின் மேலே இன்னொரு பூச்சு. மேல் பூச்சை ஒரே இழுப்பில் முடியுங்கள். தூரிகை திரும்பப் போனால் எழுத்து கலங்கும்.

பர்மா அரக்குச் சாமான், வர்ணம் பூசிய மரம், பிளாஸ்டிக், சுடுமண் இவற்றின் மேல் இதைப் போடக் கூடாது. பருத்தி நாடாவில் எண் எழுதிக் கட்டிவிடுங்கள். துணிக்கு நாடாவை ஓரத்தில் இரண்டு தையல் போட்டுத் தைக்கலாம். காகிதத்துக்கும் படத்துக்கும் பின்பக்க மூலையில் 2பி பென்சில்.

ஒரு பொருள் எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"நூறு வருஷம் இருக்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் அறுபது எழுபதாகத்தான் இருக்கும். பொருளிலேயே இருக்கும் சான்றைத் தேடுங்கள்.

தமிழ் ஆண்டுப் பெயர் இருந்தால் அறுபது அறுபதாக எண்ண வேண்டும். பிரபவ என்றால் 1867, 1927, 1987 என மூன்று வாய்ப்பு. விரோதி என்றால் 1889, 1949, 2009. ஆண்டு சித்திரையில் பிறப்பதால், 1927இல் தொடங்கிய பிரபவ ஆண்டின் தை மாதம் வருவது 1928 ஜனவரியில். இந்த ஒன்றில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள்.

கணக்கில் அணா, பை வந்தால் அது 1957 ஏப்ரல் 1க்கு முந்திய வழக்கம். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. "நயா பைசா" என்று அச்சிட்டிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. விலாசத்தில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. காரைக்குடிக்கு "இராமநாதபுரம் ஜில்லா" என்றிருந்தால் அநேகமாக 1985க்கு முந்தியது. ரங்கூனிலிருந்து வந்த கடிதத்தில் பர்மா என்று மேலே அச்சிடாத வெறும் இந்தியத் தபால்தலை இருந்தால் அது 1937 ஏப்ரலுக்கு முன் எழுதியது, பர்மா பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து தனி நிர்வாகமாகப் பிரிந்தது அப்போதுதான். எனாமல் தட்டின் அடியில் செக்கோஸ்லோவாக்கியா என்று முத்திரை இருந்தால் 1918க்கு முன் அது செய்யப்பட்டிருக்க முடியாது.

எழுத்தின் வடிவமும் உதவும், ஆனால் ஒரு பக்கமாகத்தான். துதிக்கை வைத்த பழைய லை, ளை, ணை வடிவங்களைத் தமிழ்நாடு அரசு 1978இல் மாற்றியது. பழகிய கை அதற்குப் பிறகும் பழைய வடிவத்திலேயே எழுதிக்கொண்டிருந்ததால், பழைய எழுத்தைப் பார்த்தவுடன் பழைய காலம் என்று முடிவு கட்ட முடியாது. 1978க்கு முந்திய புது வடிவமும் உண்டு: பெரியாரின் இதழ்கள் 1930களிலிருந்தே அதில் அச்சானவை.

சான்று எதுவும் இல்லையென்றால் "20ஆம் நூற்றாண்டின் முற்பாதி" என்று எழுதினால் போதும். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

பித்தளை, செம்புப் பாத்திரங்களைப் புளி போட்டு விளக்கலாமா?

சமையலுக்கு எடுக்கப்போவதில்லையே, பிறகு எதற்கு? புளியும் உப்பும் கறையோடு உலோகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். பித்தளையில் துத்தநாகம் முதலில் போய், இடம் செம்பு நிறமாகத் திட்டுத் திட்டாகும். ஓரத்திலும் ஒட்டிலும் தங்கும் உப்பு, அடுத்த மழைக்காலத்தில் பச்சையாகக் கிளம்பும்.

அதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று. இந்தப் பக்கத்துப் பாத்திரங்களின் கழுத்தில் புள்ளி புள்ளியாக உளியால் கொத்திய எழுத்து இருக்கும். வீட்டின் விலாச எழுத்துகள் (குடும்பத்தின் முதலெழுத்துகள்), சில சமயம் சீர் கொடுத்தவர் பெயர், ஆண்டு, எடை. கல்யாணத்துக்கு நாலு வீட்டுப் பாத்திரம் ஒன்றாகக் கலந்தாலும் பிரித்தெடுக்கத்தான் இந்த வெட்டு. முப்பது வருஷம் விளக்கிய பாத்திரத்தில் அது தடவினால்தான் தெரியும். இன்னும் நாலு முறை விளக்கினால் தடவியும் தெரியாது. படிக்க எளிய வழி: அறையை இருட்டாக்கி, ஒரு டார்ச்சைப் பரப்புக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் நிழல் விழும். டார்ச்சை மெல்லச் சுற்றி எட்டுக் கோணத்தில் படமெடுத்தால் எழுத்துக் கூட்டிவிடலாம்.

தூசியை மெல்லிய தூரிகையால் தட்டி, உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றுங்கள். பாத்திரத்தின் உள்ளே பூசிய ஈயம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும் குறித்து வையுங்கள், எந்த அளவுக்குப் புழங்கியது என்று அது சொல்லும். கையுறை போட்டே தூக்குங்கள். வியர்வையில் உள்ள உப்பு விரல் ரேகையை நிரந்தரமாகப் பதித்துவிடும். வெளிர்பச்சை நிறத்தில் மாவுபோல் உதிரும் புள்ளிகள் தெரிந்தால் அது சாதாரணக் களிம்பு இல்லை. குளோரைடால் வரும் அந்தச் சிதைவு ஈரம் இருக்கும்வரை உள்ளே அரித்துக்கொண்டே போகும். அந்தப் பொருளைத் தனியாக, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்துவிட்டு, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவில் கேளுங்கள். வீட்டு வைத்தியம் வேண்டாம்.

எனாமல் தூக்கும் மங்குச் சாமானும்?

எனாமல் என்பது இரும்பின் மேல் கண்ணாடிப் பூச்சு. சில்லு போன இடத்தில் துரு உள்ளேயே பரவி, நல்ல இடத்தையும் தூக்கிவிடும். ஆகவே தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்தவுடன் உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் இடையில் பருத்தித் துணி போடுங்கள். கைப்பிடியைப் பிடித்துத் தூக்க வேண்டாம், இரண்டு கையும் அடியில் இருக்கட்டும். மங்குச் சாமானுக்கும் இதுவே. பழைய ஒட்டு இருந்தால் வெந்நீர் படவே கூடாது.

ஓலைச்சுவடியும் பேரேடும் நிறைய வருகின்றன. லேமினேட் செய்துவிடலாமா?

லேமினேஷன் ஒரு வழிப் பாதை. சூட்டில் உருகிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் அப்படியே: பத்தாண்டில் பழுப்பாகி எழுத்தையும் கறையாக்கும். ஊரில் பைண்டிங் கடைக்குக் கொடுத்தால் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சி வராது என்பது உண்மை, ஆனால் அந்தச் செம்புச் சத்து காகிதத்தை நொறுங்க வைக்கும்.

பேரேட்டை மெல்லிய தூரிகையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, துவைத்துக் கஞ்சி போக்கிய கோரா (வெளுக்காத பருத்தி) துணியில் சுற்றி, படுக்கை வசமாக வையுங்கள். மூன்றுக்கு மேல் அடுக்க வேண்டாம். பக்கங்களைத் தட்டையாக ஸ்கேனரில் அழுத்தாமல், மேலிருந்து கேமராவில் படமெடுங்கள். கடன் வாங்கியவர்களின் பெயர் அதில் இருக்கும். அவர்கள் பேரன்கள் இதே ஊரில் இருப்பார்கள். எந்தப் பக்கத்தைத் திறந்து வைப்பது என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள்.

ஓலைக்குத் தண்ணீர் ஆகாது. தூசி தட்டி, மை ஏறாமல் மங்கிய எழுத்து என்றால் விளக்குக் கரியும் தைலப்புல் எண்ணெயும் குழைத்துத் தடவி, அதிகப்படியை உடனே துடைத்தெடுக்கலாம். எழுத்தாணியால் கீறிய ஓலைக்கு மட்டும்தான் இது. மையால் எழுதியதற்கும் ஓவியம் உள்ளதற்கும் கூடாது. ஒட்டிக்கொண்ட ஓலைகளைக் கத்தியால் பிரிக்காதீர்கள். சுவடியின் மேலும் கீழும் வைக்கும் மரச் சட்டத்துக்கும் ஓலைக்கும் அளவு ஒத்திருக்க வேண்டும், கயிறு தளர்வாக இருக்க வேண்டும், இறுக்கினால் துளையிலிருந்து கிழியும். பூச்சிக்குத் தஞ்சை சரசுவதி மகாலில் பயன்படுத்தும் பொட்டலம் நல்லது: வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை பொடித்து, கற்பூரம் சேர்த்து துணியில் முடிந்தது. ஓலையின் மேல் படாமல் பெட்டி ஓரத்தில் வைத்து, வாசனை போனதும் மாற்றுங்கள். அது பூச்சியை விரட்டும், ஏற்கெனவே உள்ளே இருப்பதைக் கொல்லாது.

பழைய புகைப்படங்கள்?

முன்னோர் படத்தில் வைத்த சந்தனப் பொட்டையும் குங்குமத்தையும் துடைக்காதீர்கள். அந்தப் படம் சுவரில் எப்படி வாழ்ந்தது என்பதற்கு அதுதான் சான்று. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்க வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே படமெடுத்து வையுங்கள். சட்டத்தின் பின்பலகையைக் கழற்றும்போது ஸ்டூடியோ முத்திரை, பென்சில் குறிப்பு இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள்.

ஸ்கேன் 600 டிபிஐ, டிஃப் கோப்பு. ஃபிலிமுக்கு 2400க்குக் குறையாமல். கண்ணாடி நெகட்டிவைப் படுக்கையாக அடுக்கினால் அடியில் உள்ளது எடையில் விரிசல் விடும். காகித உறையில் போட்டு நீள விளிம்பில் நிறுத்தி வையுங்கள்.

கூட்டுப் படத்தில் பெயர் குறிக்க, படத்தின் பிரதி மேல் பட்டர் பேப்பர் வைத்துத் தலைகளின் கோட்டை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எண் போடுங்கள். இரண்டு மூன்று பெரியவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றாக உட்கார வைத்தால், குரல் உயர்ந்தவர் சொல்வதுதான் பதிவாகும்.

மரச் சாமானில் மாவு கொட்டுகிறது. என்ன செய்வது?

மண்ணால் சுவரில் ஏறிய குழாய்போல் இருந்தால் கரையான். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வட்டத் துளையும் முகப்பவுடர்போன்ற மாவும் இருந்தால் வண்டு. பர்மாத் தேக்கின் வைரப் பகுதியை எளிதில் தொடாது, மாமரப் பலகையும் தேக்கின் வெளிவட்டமும்தான் அதற்குத் தீனி. துளை பழையதாகவும் இருக்கலாம். அடியில் கறுப்புக் காகிதம் விரித்து இரண்டு வாரம் பாருங்கள். புது மாவு விழுந்தால் உயிரோடு இருக்கிறது.

சிறிய மரப்பாச்சி, ஓலைக் கொட்டான், தடுக்கு என்றால் உறையவைத்தே கொல்லலாம். பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிச் சீல் வைத்து, பூஜ்யத்துக்கு 18 டிகிரி கீழே போகும் பெட்டி ஃபிரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்த பிறகு 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த பொருளின் மேல் நீர் வியர்க்கும், அதில் பூஞ்சை பிடிக்கும். தஞ்சாவூர் ஓவியம், தந்தம், வர்ணம் பூசிய மரம், கண்ணாடி நெகட்டிவ் இவற்றை ஃபிரீசரில் வைக்கவே கூடாது. பெரிய சாமானைக் காட்சியகத்துக்குள் கொண்டுவரும் முன் ஒரு மாதம் தனி அறையில் வைத்துப் பாருங்கள். வார்னிஷ் அடித்துத் துளையை மூடுவது வண்டுக்குக் கதவைச் சாத்திக்கொடுப்பதுதான்.

அலமாரியின் கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்திலும், பின்புறம் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளியும் இருந்தால் கரையான் ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

சேலைகள்?

மடித்து வைத்தால் மடிப்பில்தான் முதலில் கிழியும். 10 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாயில் அலுமினியத் தாள் சுற்றி, அதன் மேல் துவைத்த கோரா துணி சுற்றி, சேலையை அதில் உருட்டுங்கள். பழைய கண்டாங்கியைச் "சும்மா ஒரு தடவை" அலசிப் பார்க்காதீர்கள். சாயம் இறங்கும், இறங்காவிட்டால் இழை விடும்.

முந்தி ஓரத்தில் கறுப்பாகச் சிறு குறி இருக்கிறதா என்று பாருங்கள். சேங்கொட்டைச் சாற்றால் சலவைத் தொழிலாளி போட்ட குறி அது, வீட்டுக்கு ஒரு குறி. பட்டுச் சேலைக்கு உரிய வீட்டம்மாளின் பெயர் தெரிந்திருக்கும், இந்தக் குறியைப் போட்டவரின் கையெழுத்து வேறெங்கும் இருக்காது. அதைக் கறை என்று நினைத்து நீக்கிவிடுவது நிறைய நடக்கிறது.

பெரிய வீட்டுச் சாமான்தான் வருகிறது. மற்றவர்கள் வரலாறு?

இந்தப் பகுதியில் எல்லா ஊரிலும் இதே நிலைதான். மிச்சம் வைக்க வசதியிருந்தவர்களின் பொருள்தான் மிஞ்சும். கொத்தனாரின் கரண்டி தேய்ந்து தீர்ந்துபோகும். ஆகவே உட்கார்ந்து காத்திருந்தால் வராது, போய்க் கேட்க வேண்டும். ஆத்தங்குடியில் தரைக் கல் (டைல்) செய்கிறவர்களிடம் பழைய தகர அச்சும் கண்ணாடியும் இருக்கும். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வர்ணக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, பிறகு தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். கண்ணாடியில் பட்ட முகம்தான் பளபளப்பாக வருகிறது. ஒழிந்துபோன கோலத்தின் அச்சு ஒன்று கிடைத்தால் அதை எந்த வீட்டுத் தரையில் போட்டார்கள் என்று தேடிப் பாருங்கள், பணி செய்தவரும் வீடும் ஒரே பதிவில் வந்துவிடுவார்கள். கல்யாணச் சமையல்காரர், கொட்டான் பின்னுகிறவர், வண்டி ஓட்டியவர் இவர்களிடம் பொருள் இல்லாவிட்டாலும் ஒலிப்பதிவு எடுத்து, அதற்கும் பதிவேட்டில் எண் கொடுங்கள்.

விளக்க அட்டையை எப்படி எழுதுவது?

50 சொல்லுக்குள். எழுத்து 24 புள்ளிக்குக் குறையாமல். "பழங்காலப் படி, இரும்பு" என்று எழுதினால் யாரும் நிற்க மாட்டார்கள். படியை அளந்து பாருங்கள். கேழ்வரகைத் தலை தட்ட நிரப்பி, அதை அளவுக் குவளையில் கொட்டினால் கொள்ளளவு மில்லிலிட்டரில் வந்துவிடும் (தண்ணீர் ஊற்றினால் துருப் பிடிக்கும்). மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்பது வாய்ப்பாடு. ஊரில் இரண்டு வீட்டுப் படியை அளந்தால் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு இப்படி எழுதலாம்: "கூலி நெல் அளந்த படி. தலை தட்டினால் இவ்வளவு மில்லிலிட்டர். குவித்து அளந்தார்களா, தட்டி அளந்தார்களா என்பதில்தான் சண்டை." கடைசி வரி உங்கள் ஊர்க்காரர் சொன்னதாக இருந்தால் மட்டும் போடுங்கள்.

ஏசி போடலாமா? வெளிச்சம் எவ்வளவு?

பகலில் ஏசி ஓடி ராத்திரி நிறுத்தினால், ஏசியே இல்லாததைவிட மோசம். ஈரம் தினமும் ஏறி இறங்குவதால் மரம் வெடிக்கும், வர்ணம் உரியும். 24 மணி நேரமும் ஓட்ட முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை வைத்துக் காலை, மாலை குறித்து வாருங்கள். 65 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றால் பூஞ்சை வரும். ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னலை மூடி, மெதுவாக விசிறி ஓட்டுவது பலன் தரும். முற்றம் வைத்த பழைய வீடே காட்சியகம் என்றால் காற்றோட்டத்தை அடைத்துச் சுவர் எழுப்பாதீர்கள்.

துணி, காகிதம், படம் இவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), மரத்துக்கு 200. மூன்று மாதத்துக்கு ஒருமுறை துணியை மாற்றி இருட்டில் ஓய்வு கொடுங்கள், வெளுத்த சாயம் திரும்பி வராது.

சட்டச் சிக்கல் வருமா?

சில பொருளில் நிச்சயம் வரும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்டவையும், 75 ஆண்டுக்கு மேற்பட்ட சுவடி, ஆவணங்களும் தொல்பொருளாகக் கருதப்படலாம். கல், உலோக, மரச் சிற்பங்கள், ஓவியங்கள் போன்ற சில வகைகளை மட்டும் பதிவு அதிகாரியிடம் பதிந்தாக வேண்டும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். சாமி சிலை வந்தால் எங்கிருந்து வந்தது என்ற காகிதம் இல்லாமல் தொடாதீர்கள். மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேற்பட்டதென்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வயலில் முதுமக்கள் தாழி தென்பட்டால் தோண்டாமல் வருவாய்த் துறைக்குச் சொல்லுங்கள். தந்தம், மான்கொம்பு, புலித்தோல் என்றால் வனத்துறையிடம் கேட்காமல் வாங்கக் கூடாது. முகப்புச் சுவரில் கொம்பு மாட்டாத பெரிய வீடு குறைவு என்பதால் இது அடிக்கடி வரும். பழைய துப்பாக்கியும் அப்படியே, உரிமம் தேவைப்படலாம்.

அமைப்பைச் சங்கமாகப் பதிய, 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம்.

கொடுத்தவர் திரும்பக் கேட்டால்?

நன்கொடை என்றால் முதல் நாளே ஒரு பக்கக் கடிதம்: பொருளின் பட்டியல், எண், "உரிமையை முழுவதுமாக ஒப்படைக்கிறேன்" என்ற வரி, இரண்டு சாட்சி. வீடு பங்காளிகளுக்குப் பொதுவென்றால் ஒருவர் கையெழுத்து போதாது. பொதுப் பங்கில் உள்ளதை ஒருவர் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் அடுத்த படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) ஊருக்கு வரும்போது கேட்பது நடக்கும். எல்லோரையும் பிடிக்க முடியாவிட்டால் இரவலாக வாங்குங்கள். அதிலும் "நிரந்தர இரவல்" என்று எழுதாமல் மூன்று ஆண்டு என்று முடிவு தேதி போடுங்கள். தேதி வந்ததும் நீங்களே கடிதம் அனுப்பி, நீட்டிக்கிறார்களா என்று கேளுங்கள். திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் கொடுத்துவிடலாம். படமும் அளவும் ஒலிப்பதிவும் உங்களிடமே இருக்கும், அந்தக் கடிதத்தில் அதற்கும் ஒரு வரி சேர்த்திருந்தால்.